செத்த டியூப் வைக்காத சனிக்கிழமை

ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தீர்கள். உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள். என் கையில் இருப்பது ஒரு தப்பு. இத்தனை வருஷ வேலையில் நான் செய்த தப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் மற்றதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே கழுவுதொட்டியில் போய்ச் சேர்ந்தவை. இது ஒன்றுதான் வெளியே போய் ஒரு மனுஷனைக் கொன்றது.

என்னைக் கண்டால் அந்தக் காலத்துப் பிள்ளைகள் நடுங்குவார்கள் என்று இன்னமும் அங்கே பேசிக்கொள்கிறீர்களாம். நடுங்கட்டும், எனக்கென்ன. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி வராந்தாவில் எறிந்திருக்கிறேன், உண்மைதான். ஒரு பெண் அழுதுகொண்டே அதைப் பொறுக்கினாள், அதுவும் உண்மைதான். எதற்காக எறிந்தேன் என்பதை மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். செத்த டியூபுக்காக எறிந்தேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் என் வாயால் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் விட்டால் அது மஞ்சளாக இருக்காது. நம்மூர் ஓட்டல்களில் மேசைக்கு மேசை வைக்கிற, பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் மாதிரிச் சிவந்து நிற்கும். பொடிகள் தனித்தனியாக நிற்கும்வரை சிவப்பு. ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டம் சேர்ந்துவிட்டால் நீலம். இந்த நிற மாற்றத்தை வைத்துத்தான் நாம் பிழைப்பு நடத்துகிறோம்.

எங்கள் திட்டம் பூச்சிமருந்து விஷத்தைப் பற்றியது. நரம்பு தசைக்கு ஒரு சேதி அனுப்பினால், வேலை முடிந்ததும் அந்தச் சேதியை அழித்துவிட ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து உடம்புக்குள் போனதும் முதலில் முடக்குவது அதைத்தான். பிறகு சேதி அழியாமல் வந்துகொண்டே இருக்கும். எச்சில் ஒழுகும், கண்மணி கடுகாகச் சுருங்கும், கடைசியில் மூச்சை இழுக்கிற தசை சோர்ந்து நின்றுவிடும். நோயாளியின் ரத்தத்தை அதன் சொந்தச் சிவப்பு தெரியாத அளவுக்கு நீர்க்கச் செய்து, அந்த நொதி வெட்டக்கூடிய ஒரு பொருளையும் தங்கத் தண்ணீரையும் சேர்ப்போம். நொதி உயிரோடு இருந்தால் வெட்டும், வெட்டிய துண்டு தங்கத்தைக் கூட்டம் சேர்க்கும், டியூப் நீலமாகும். நொதி முடங்கிக் கிடந்தால் சிவப்பு அப்படியே இருக்கும். ஆக, எங்களுக்கு நீலம் நல்லது, சிவப்பு கெட்டது. பத்து நிமிஷத்தில் விடை.

இதில் ஒரு வம்பு உண்டு. தங்கம் எதற்கெடுத்தாலும் நீலமாகும். உப்பு கொஞ்சம் கூடினால் ஆகும், டியூபைச் சரியாகக் கழுவாவிட்டால் ஆகும். அதனால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டாவதாக ஒரு டியூப் வைக்கச் சொல்லுவேன். அதே ரத்தம், அதே பொருள், அதே தங்கம். ஆனால் ரத்தத்தை முதலிலேயே சூடாக்கி நொதியைக் கொன்றிருப்போம். அதுவும் நீலமானால், அந்த நீலத்துக்கும் நொதிக்கும் சம்பந்தமே இல்லை என்று அர்த்தம். அதற்குச் செத்த டியூப் என்று பெயர் வைத்தவள் நான்தான். யார் என்ன விடையைக் கொண்டுவந்து காட்டினாலும் முதலில் கேட்பேன், “செத்தது எங்கே?” என்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நகரத்தின் ஒரு மருத்துவமனையில், எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவே எங்களுக்கு ஒரு சின்ன அறை தந்திருந்தார்கள். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். நானும் திட்ட உதவியாளராக இருந்த ஸ்ரீஜாவும் அங்கே உட்கார்ந்திருப்போம். ஸ்ரீஜா நெய்யாற்றின்கரைப் பெண், வாயில் வார்த்தை குறைவு, கை அத்தனை சுத்தம். விஷம் ஏறி காஷுவாலிட்டிக்கு வருகிறவர்களுக்கு மருந்து எதுவும் ஏற்றும் முன் எடுத்த ரத்தத்தில் கொஞ்சம் எங்களுக்கு வரும். நாங்கள் பார்த்து நோட்டில் எழுதிவைப்போம். மருத்துவமனையின் சாம்பிள் வெளியே ஒரு பெரிய லேபுக்குப் போய் மறுநாள் விடை வரும். இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். ஒரே ஒரு நிபந்தனை, எங்கள் விடையை வைத்து யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. சோதனை ஓட்டம்தானே. அந்த நிபந்தனையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

மாசக்கணக்காக எங்களுக்குச் சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் விஷம் ஏறியவர்கள், வேறென்ன வரும்? பெரிய லேபின் விடையோடு அச்சாக ஒத்துப்போனது. டாக்டர்கள் எட்டிப் பார்த்து “கொள்ளாம் மேடம்” என்று மலையாளத்தில் மெச்சிவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, மறைப்பானேன்.

அந்தச் சனிக்கிழமை ஹர்த்தால். வண்டி ஓடவில்லை, கடை திறக்கவில்லை, மருத்துவமனைக்கு வந்துசேர்ந்த நர்ஸுகள் பாதிப் பேர். நான் வலியசாலையிலிருந்து நடந்தே போனேன். வீட்டிலேயே கிடந்திருக்கலாம். பத்து மணிக்கு ஐ.சி.யு.வின் இளம் டாக்டர் எங்கள் அறைக்கு வந்தார். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். கையில் ஒரு சின்ன ரத்தக் குழாய்.

“மேடம், சாலைக் கடைத்தெருவுல அரிசி கோடவுன்ல வண்டுக்கு மருந்தடிச்ச ஆளு ஒருத்தர் உண்டல்லோ. ஆறுமுகம். இப்பம் சொந்தமாத்தான் மூச்சு விடுறார். கழுத்துதான் கொஞ்சம் வீக்கு, தலையத் தூக்கச் சொன்னா கஷ்டப்படுறார். ஐ.சி.யு.ல ஒரு பெட்டுக்கு ரெண்டு பேரு வெளியில காத்துக் கிடக்காங்க. இவர வார்டுக்கு மாத்தலாமான்னு எனக்கு ஒறப்பு இல்ல. சாம்பிள் எடுக்க லேப்ல இருந்து இன்னைக்கு ஆளு வராது. கணக்கா ஒண்ணும் வேண்டாம் மேடம், ஒரு ஐடியா கிட்டினாப் போதும்.”

அவர் பேசியது மலையாளமும் இங்கிலீஷுமாக. எனக்கு வருகிற தமிழில் எழுதியிருக்கிறேன்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “இதை வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது டாக்டர். கழுத்து வீக் என்று உங்கள் கண்ணே சொல்கிறது, கழுத்து தளர்ந்தால் அடுத்தது மூச்சுதான், அதைக் கேளுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். “விஷ முறிவு மருந்து ஏற்றுகிறீர்களா, எந்தக் கையில், ரத்தம் எந்தக் கையிலிருந்து எடுத்தது?” என்று கேட்டிருக்க வேண்டும். எதையும் கேட்கவில்லை. “இருங்கள், பத்து நிமிஷம்” என்றேன். பரம்பரை வைத்தியர் தோற்றுப்போகும் தோரணை.

டாக்டரின் பின்னால் கதவோரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயசு இருக்கும். கையில் ஒரு காலி ஃபிளாஸ்க். நான் ஸ்ரீஜாவிடம் ஏதோ முணுமுணுத்ததில் என் தமிழ் வெளியே தெரிந்துவிட்டது போல.

“எக்கா, நீங்க தமிழாக்கும்?”

“ஆமா. நாகர்கோவில் பக்கம்.”

“எங்களுக்கு வள்ளியூரு. எம் பேரு பகவதி. எங்க வீட்டுக்காரவிய இங்க சாலையில வேலக்கி வந்து நாலு வருசமாச்சு. நா ஊர்ல இருந்து சேதி கேட்டு ஓடியாந்தேன். மூணு நாளா எல்லாரும் என்னத்தையோ சொல்லிட்டுப் போறாவ, ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. பொழச்சிருவாவளா, அத மட்டும் சொல்லுங்கக்கா.”

சிகிச்சைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, டாக்டரைக் கேளம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. “இரும்மா, பாக்குறோம்” என்றேன்.

ஸ்ரீஜா டியூபைத் தயார் செய்தாள். ஐந்தாவது நிமிஷத்தில் சிவப்பு மங்கியது, பிறகு கத்தரிப்பூ நிறமானது, எட்டாவது நிமிஷத்தில் நல்ல நீலம். மாசக்கணக்கில் சிவப்பையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நெஞ்சு குளிர்ந்தது. எங்கள் கருவி ஒரு மனுஷன் தேறி வருவதைக் காட்டுகிறது, முதல்முதலாக!

குழாயின் அடியில் இன்னும் ஒரு டியூபுக்குத் தேவையான ரத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. ஸ்ரீஜா என்னைப் பார்த்தாள்.

“மேடம், செத்த டியூப் வெக்கட்டே?”

“வேண்டாம். சூடாக்கி ஆறவெச்சு எடுக்க நேரமாகும், டாக்டர் நிக்கிறார். இதையே இன்னொரு தடவை ஓட்டு. ரெண்டு தடவையும் நீலம் வந்தா யாரும் வாயத் தொறக்க முடியாது.”

“இல்ல மேடம், மேடம்தன்னே எப்பவும்...”

“ஸ்ரீஜா, சொன்னதச் செய்.”

அவள் செய்தாள். இரண்டாவது டியூபும் நீலமானது. ஆகாமல் எங்கே போகும்? முதல் டியூபில் இருந்த கோளாறு அப்படியே இரண்டாவதிலும் இருந்தது. ஒரே பொய்யை இரண்டு முறை கேட்டுவிட்டு உறுதியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். பிள்ளைகளே, கையில் ஒரே ஒரு சொட்டு மிச்சமிருந்தால் அதை உங்களைப் பொய்யாக்கக்கூடிய டியூபுக்குக் கொடுங்கள். அந்தச் சொட்டும் போதாவிட்டால் போய் இன்னொரு முறை ரத்தம் கேளுங்கள். கால்மணி நேரம் ஆகும், டாக்டர் முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதானே. எனக்கு அந்தக் கால்மணி நேரம் இல்லாமல் போகவில்லை. எனக்கு நீலம் வேண்டியிருந்தது. இதை இத்தனை காலம் வேறு என்னென்னவோ பெயர் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவசரம் என்றேன், ஹர்த்தால் என்றேன், ஆள் பற்றாக்குறை என்றேன். ஆசை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் இரண்டு டியூபையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அவர் முகத்தில் இருந்த பாரம் இறங்குவது தெரிந்தது. “தேங்க் யூ மேடம்” என்று கிளம்பினார். நிபந்தனையை நான் ஞாபகப்படுத்தவில்லை. அதோடு விட்டேனா? வெளியே வந்து அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தேன்.

“நீலம் வந்திருக்கு பகவதி. வெஷம் எறங்கிட்டுன்னு அர்த்தம். இனி பயப்படாண்டாம்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நல்லாருப்பீய எக்கா, நல்லாருப்பீய” என்றாள். நான் அன்றைக்கு வீட்டுக்கு நடந்துபோனபோது வெயில்கூட உறைக்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஆறுமுகத்தை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். முறிவு மருந்தையும் நிறுத்தினார்கள். வார்டில் நாற்பது பேருக்கு இரண்டு நர்ஸ். நம்மூர் வார்டு எப்படி என்று உங்களுக்குத் தெரியும், கூட இருக்கிறவர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்து ஏதாவது என்றால் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும். கூட்டிருப்பு என்று அதற்குத்தான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு டாக்டர் போன் செய்தார். குரல் சரியில்லை.

“மேடம், ஆறுமுகம் மரிச்சுப்போயி. மூச்சு நின்னது யாரும் பாக்கல. பக்கத்துப் பெட்டுக்காரர்தான் சத்தம் போட்டார். நாங்க போனப்போ நீலமாக் கெடந்தார். கூட்டிருப்புக்கு இருந்த வைஃப் அப்பம் வெளிய போயிருந்தாங்க.” பிறகு நொதியைப் பற்றிக் கேட்டார், “என்ஸைம் இருந்ததல்லே மேடம்?”

“இருந்தது டாக்டர்” என்றேன். அந்த நிமிஷம்வரை நான் அதை நம்பினேன். மாரடைப்பாக இருக்கும், வேறு ஏதாவது இருக்கும் என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நான் மருத்துவமனை அறைக்குப் போனபோது ஸ்ரீஜா எனக்கு முன்னால் வந்திருந்தாள். மேசையில் ஒரு டியூப். நல்ல நீலம், சனிக்கிழமை பார்த்த அதே நீலம்.

“யாரோடது?” என்றேன்.

“ஆரோடதும் இல்ல மேடம். இதுல ரத்தமே இல்ல.”

எனக்குப் புரியவில்லை. அவள் மேசையிலிருந்த ஒரு சின்ன மருந்துக் குப்பியைத் தள்ளிவைத்தாள். அது அந்த முறிவு மருந்து. ஐ.சி.யு.வில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

“கேஸ் ஷீட் நோக்கினேன் மேடம். ரத்தம் எடுக்கும்போ இந்த மருந்து ட்ரிப்புல ஓடிட்டிருந்து. அதே கையில இருந்துதன்னே எடுத்திருக்காங்க. இந்த மருந்தும் நம்ம பொருளும் தங்கமும் மட்டும் போட்டேன். ஏழு நிமிஷத்தில நீலம்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். முறிவு மருந்தே அந்தப் பொருளை வெட்டும் என்று எங்கேயோ நான் படித்திருக்கிறேன். படித்ததும் ஞாபகம் இருந்தது, பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. எங்களுக்கு அதுவரை வந்த சாம்பிள் எல்லாம் மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்தவை என்பதால் அந்த விஷயம் எனக்குத் தேவைப்படாமலே கிடந்தது. செத்த டியூப் வைத்திருந்தால் அதுவும் நீலமாகியிருக்கும். நீலமான செத்த டியூபைப் பார்த்திருந்தால் நான் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேன். ஆறுமுகத்தின் ரத்தத்தில் நொதி முழுசாக முடங்கித்தான் கிடந்திருக்க வேண்டும். அந்த மனுஷன் ஐ.சி.யு.வில் இருந்திருந்தால், மூச்சு தளர்ந்தவுடனே மெஷினில் போட்டிருப்பார்கள். ஒரு வாரம் கழித்து நடந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

ஸ்ரீஜா என்னைக் குற்றம் சொல்லவில்லை. “அந்தச் சேச்சிகிட்ட பறையணும் மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

பகவதி பிணவறைப் பக்கம் இருந்தாள். ஊரிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நடைபாதையின் இந்த முனையில் நின்று பார்த்தேன். தூணில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை. பத்தடி நடந்தேன். பிறகு திரும்பிவிட்டேன். முதலில் மேலதிகாரியிடம் சொல்லவேண்டும், அதுதான் முறை என்று காலுக்கு ஒரு காரணம் கிடைத்தது. மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், “உறவுக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசவேண்டாம். கேஸாகிவிடும்.” வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த உத்தரவு கிடைத்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் ஸ்ரீஜா கேட்டாள், “பறஞ்சோ மேடம்?”

“சொல்லியாச்சு” என்றேன். வாய் கூசவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. நான் எழுதிக்கொடுத்த கடிதத்தில் இரண்டு வரி: இந்தப் பரிசோதனை இன்னும் சோதனை ஓட்டத்தில்தான் இருக்கிறது, சிகிச்சை முடிவுகளுக்கு இதைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கப்படவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. செத்த டியூபைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்கத் தெரிந்தவர்கள் அந்த மேசையில் யாரும் இல்லை. இளம் டாக்டர், “கழுத்து வீக்குன்னு தெரிஞ்சும் மாத்தினது நானாக்கும்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பக்கத்து நாற்காலியில் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் அடுத்த மாசமே வேலையை விட்டுவிட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது, தேடிப் பார்க்கவும் இல்லை.

பிறகு நாங்கள் அந்தக் குறுக்கீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினோம். முறிவு மருந்து ஏற்றிய நோயாளிகளின் ரத்தத்தில் இந்த முறை பொய்யான நீலத்தைக் காட்டும், ஆகவே நொதி நீக்கிய கட்டுப்பாட்டு டியூப் கட்டாயம் என்று விளக்கமாக எழுதினோம். நல்ல பெயர் கிடைத்தது. கூட்டங்களில் கைதட்டினார்கள். ஒருத்தர் எழுந்து, எப்படி மேடம் இது உங்களுக்குத் தோன்றியது என்று கேட்டார். “வழக்கமான கவனம்தான்” என்று சொன்னேன், பாருங்கள். உண்மையை ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி என்மேல் கடன் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நோட்டுப் புத்தகங்களை எறிய ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

ஸ்ரீஜா இரண்டு வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். போகிற அன்றைக்கும் என்னை மரியாதையாகத்தான் பார்த்தாள். நான் பகவதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருஷம் போயிற்று. நான் ஓய்வு பெற்றேன். போன மாசம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனேன், மேல்துண்டு எடுக்க. துணியைப் பிரித்துப் போட்ட கை சட்டென்று நின்றது.

“எக்கா? ஆஸ்பத்திரியில இருந்த எக்காதான?”

நரை விழுந்திருந்தது, ஆள் இளைத்திருந்தாள். ஆனாலும் எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவளோ கல்லாவில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம்தானே என்று என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். துணிப் பொதிகளின்மேல் உட்கார்ந்தோம். தன் டம்ளரைக் கழுவி எனக்கு மோர் ஊற்றித் தந்தாள்.

“இங்க எப்பிடி வந்த பகவதி? ஊருக்குப் போகலியா?”

“ஊர்ல எங்கக்கா இருக்க விட்டாவ? அவிய அம்மா, எங்க அத்த, என்ன வீட்டுக்குள்ள ஏத்தல. புருசன் சாவக் கெடக்கும்போ கூட இருக்காம ஊர் சுத்தப் போனவன்னு சொல்லிட்டாவ. அத்த அப்பிடிச் சொன்னதும் தப்பில்லக்கா.” புடைவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினாள். “நீங்க நீலம் வந்துட்டு, பயம் இல்லன்னு சொன்னியல்லா. நா அவியளுக்காவ பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கதா நேந்திருந்தேன். மறுநா காலைல ஓடிப்போயி ஒடச்சிட்டு ஓடி வந்துருவோம்னு போனேன். ஒரு மணிக்கூரு இருக்கும். திரும்பி வந்து பாத்தா கட்டில்ல தெரை போட்டிருக்காவ. நா அங்க இருந்திருந்தா மூச்சு எளைக்கத பாத்திருப்பேன்லா? சத்தம் போட்டிருப்பேன்லா? நாந்தான் கொன்னுட்டேன்.”

அவள் அழவில்லை. பதினோரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி மழுங்கிப் போன வார்த்தைகள் அவை. எல்லாருக்கும் தெரிந்த விவரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். தினமும் கடைக்கு வருகிற வழியில் அந்தக் கோயில் இருப்பதாகவும், அந்த இடம் வந்ததும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போய்விடுவதாகவும் சொன்னாள்.

நான் எழுந்துபோயிருக்கலாம். அவளுக்கு என்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். தரையில் கொஞ்சம் சிந்தியது.

“பகவதி, நீ கொல்லல. நான் சொன்னது தப்பு. அந்த நீலம் தப்பு” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நொதி, தங்கம் எதுவும் இல்லாமல் வீட்டுப் பேச்சில் சொன்னேன். ட்ரிப்பில் போன மருந்துதான் எங்கள் டியூபை நீலமாக்கியது, உன் வீட்டுக்காரர் உடம்பில் விஷம் அப்படியேதான் இருந்தது. சரிபார்க்க ஒரு வழி இருந்தது, கூட இருந்த பெண் அதைச் செய்யலாமா என்று கேட்டாள், நான்தான் வேண்டாம் என்று அவள் வாயை அடைத்தேன். அதனால்தான் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். நீ பக்கத்தில் இருந்து சத்தம் போட்டிருந்தாலும் அந்த வார்டில் மூச்சு மெஷின் கிடையாது. இது எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். தூணோரம் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனேன்.

சொல்லி முடித்ததும் என்ன வேண்டுமானாலும் வரட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். கேஸ் போட்டால் போகட்டும். மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முன்கடையில் யாரோ சேலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், கோபம் வரவில்லை. ஏதோ கணக்கு ஒத்துவராததுபோல நெற்றியைச் சுருக்கி என்னையே பார்த்தாள்.

“அப்போ நா போனதுனால இல்ல?”

“இல்ல.”

“எம் மேல ஒண்ணும் இல்ல?”

“ஒண்ணும் இல்லம்மா.”

அவள் குனிந்து, சிந்திய மோரைப் பழந்துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்.

“எங்க அத்த இந்தச் சித்திரையிலதான் செத்தாவ எக்கா. மொகத்தப் பாக்கப் போனேன். பொணத்தத் தொட விடல, வாசல்லயே நிறுத்திட்டாவ. போன வருசம் வந்து சொல்லியிருந்தியன்னாக்கூட போதும்.”